இருபதாயிரமாவது கிலோமீற்றர்

(எமது சங்கத்தின் தைப்பொங்கல் விழாவில் ஆற்றிய உரை. மலர்க்குழுவினர் கேட்டதற்கிணங்க எழுத்தில் தருகிறேன். பேசியபடியே எழுதியிருப்பதால் பேச்சு வழக்கும் கலந்து வரும், பொறுத்தருள்க.)



நான் பேச்சாளன் இல்லை. உயர்தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு வந்தவன். தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவன். "தம்பி, பிள்ளைகள் எல்லாம் போனோடை படுத்துக் கிடக்குதுகள், ஓட்டத்தைப் பற்றி ஒரு இருபது நிமிஷம் கதையும்" என்று தலைவர் கேட்டார். இருபது நிமிடம் பேசுவதைவிட இருபது கிலோமீற்றர் ஓடுவது எனக்குச் சுகம். ஆனாலும் கதைக்கிறேன், ஏனென்றால் இந்த மண்டபத்தில் நான் திருத்தவேண்டிய பிழை ஒன்று இருக்கிறது. அது கடைசியில் வரும்.

ஓட்டம் எனக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2008 ஜனவரி. லண்டனுக்கு வந்து இரண்டாவது குளிர்காலம். இரவு வேலை. அகதி வழக்கு முடிவில்லாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. விடிய வேலை முடிந்து அறைக்கு வந்தால் நித்திரை வராது. ஊரில் என்ன நடக்குதோ என்ற யோசனை. அப்படி ஒரு விடியற்காலையில் பஸ்ஸைத் தவறவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம். குளிர் தாங்காமல், வேலைச் சப்பாத்தோடேயே ஓடத் தொடங்கினேன். அறைக்கு வந்து விழுந்தவன் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் எழும்பினேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரு முழு நித்திரை.

அன்றைக்கே ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி வாங்கினேன். முதல் வரியில் திகதியைப் போட்டு "4.8" என்று எழுதினேன். அந்தக் கொப்பிக்கு மூன்று சட்டம் வைத்தேன். ஒன்று, நடந்தது கணக்கில் சேராது. இரண்டு, தசமத்துக்குப் பிறகு வருவதைக் குறைத்து எழுதலாம், கூட்டி எழுதக்கூடாது. மூன்று, ஓடிய அன்றே எழுதவேண்டும், பழசை நினைத்து எழுதக்கூடாது. இந்த மூன்றாவது சட்டத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

வாரத்தில் நாலு நாள், ஒரு நாளைக்கு எட்டு கிலோமீற்றர். அவ்வளவுதான். ஒருநாளும் பரிசு எடுத்தவனில்லை. உள்ளூர் ஓட்டங்களில் நடுவில் வருகிறவன். ஆனால் சின்ன எண்ணைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டு போனால் அது எங்கே போய் நிற்கும் என்று கொப்பிதான் எனக்குப் படிப்பித்தது. வருடத்துக்கு ஆயிரத்து அறுநூறு, ஆயிரத்து எழுநூறு கிலோமீற்றர் வந்தது. எழுநூறு கிலோமீற்றருக்கு ஒருமுறை சப்பாத்து மாற்றவேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் கதை சொல்லும். "உங்கடை சப்பாத்துக் காசுக்கு ஒரு கார் வாங்கியிருக்கலாம்" என்று என் மனைவி சொல்லுவா. பகிடியாகத்தான்.

இந்த இடத்தில் இரண்டு பெரிய மனிதர்களைச் சொல்லவேண்டும். ஒருவர் இங்கிலாந்தின் ரொன் ஹில். 1970இல் பொஸ்ரன் மரதனில் வென்றவர். நெசவு இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1964 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை, 52 வருடத்துக்கு மேலாக, ஒருநாள்கூடத் தவறாமல் ஓடினார். ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு மைல் என்பது அவருடைய சட்டம். கார் விபத்தில் நெஞ்செலும்பு முறிந்தபோதும் மறுநாள் அந்த ஒரு மைலை விடவில்லை. 2021இல் காலமானார்.

மற்றவர் எங்களுடைய ஆழிக்குமரன் ஆனந்தன். வல்வெட்டித்துறையார். 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, திரும்பியும் நீந்தி வந்தார். 51 மணித்தியாலம். 1984 ஓகஸ்ட் மாதம் ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போது உயிரை விட்டார். அம்மா வல்வெட்டித்துறை என்றபடியால் சின்ன வயதிலேயே அவருடைய கதை எங்கள் வீட்டில் சோற்றோடு ஊட்டப்பட்டது. இவர்களுக்குப் பக்கத்தில் என் கொப்பி ஒரு தூசு. தூசு என்றாலும் என்னுடைய தூசு.

இனி அந்த இருபதாயிரம் என்ற எண்ணுக்கு வருகிறேன். பிள்ளைகளே, மீற்றர் என்ற அளவு எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரான்சில் புரட்சி நடந்த காலத்தில், 1791இல், விஞ்ஞானிகள் கூடி முடிவெடுத்தார்கள். வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரைக்கும் உள்ள தூரத்தை ஒரு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு துண்டுதான் மீற்றர். அப்படியென்றால் துருவத்திலிருந்து பூமத்திய ரேகை பத்தாயிரம் கிலோமீற்றர், பூமியைச் சுற்ற நாற்பதாயிரம் கிலோமீற்றர். கொஞ்சம் கூடக்குறைய இன்றைக்கும் அதுதான் கணக்கு.

இதை நான் ஒரு சாப்பாட்டு இடைவேளையில் யோசித்துக்கொண்டிருந்தேன். பூமியின் சுற்றளவு நாற்பதாயிரம் என்றால் அதில் பாதி இருபதாயிரம். பூமியில் எந்த மனிதனும் தன் வீட்டிலிருந்து அதற்குமேல் தூரம் போகவே முடியாது. இருபதாயிரத்தைத் தாண்டி நேரே ஒரு அடி வைத்தால் வீட்டுக்கு ஒரு அடி கிட்ட வருகிறான். யாழ்ப்பாணத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் எது என்று உலகப்படத்தில் பார்த்தேன். பெரு நாட்டுக்கு மேற்கே, பசிபிக் கடலின் நடுவில், வெறும் தண்ணீர்.

லண்டனிலிருந்து யாழ்ப்பாணம் வான்வழியாக ஏறக்குறைய 8,500 கிலோமீற்றர். கொப்பிக் கணக்கில் அதை 2013இல் தாண்டினேன். அதாவது கணக்குப்படி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஆனால் அதற்கு முந்திய வருடம் அப்பா ஊரில் காலமாகிவிட்டார். எனக்குப் போக முடியவில்லை. செத்தவீட்டை வீடியோவில் பார்த்துவிட்டு இருட்டில் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடினேன். கொப்பியில் அந்தத் திகதிக்கு நேரே "12.0" என்று மட்டும்தான் இருக்கிறது.

2019 கடைசியில் கணக்கு இருபதாயிரத்தை நெருங்கியது. ஊருக்குப் போய் அந்தக் கடைசிக் கிலோமீற்றரை ஓடவேண்டும் என்று ஆசை. ஆனால் அந்த நவம்பர் தேர்தலுக்குப் பிறகு ஊர்ப்பக்கம் போக எங்களில் பலர் யோசித்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அப்போது கனடாவில் அக்காவோடு இருக்கும் அம்மா தொலைபேசியில் சொன்னா: "ஊருக்குப் போகப் பயமெண்டால் றங்கூனுக்குப் போ. என்ரை அப்பு போன இடத்தை ஆரும் ஒருத்தர் பார்த்துக்கொண்டு வாருங்கோவன்."

அம்மாவின் அப்பு பாய்க்கப்பலில் போனவர். வல்வெட்டித்துறைக் கப்பல்கள் அந்தக் காலத்தில் றங்கூனுக்குப் போய் அரிசியும் தேக்கும் ஏற்றிவந்தவை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோசெஸ்ரர் துறைமுகம்வரை போனது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அப்பு அவ்வளவு தூரம் போகவில்லை. றங்கூனோடு நின்றுவிட்டார். கொக்குவிலில் எங்கள் வீட்டில் கிடந்த பர்மாத் தேக்குக் கட்டில் அம்மாவின் சீதனத்தோடு வந்தது. வல்வெட்டித்துறையிலிருந்து றங்கூன் நேர்கோட்டில் ஏறக்குறைய 1,900 கிலோமீற்றர். என்னுடைய கால்களுக்கு ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடிய ஓட்டம்.

2020 ஜனவரி. பத்து நாள் விடுமுறை. றங்கூன் என்று அப்பு சொன்ன நகரத்துக்கு இப்போது யாங்கோன் என்று பெயர். கொப்பியில் 19,944. இன்னும் 56 கிலோமீற்றர் வேண்டும். ஒன்பது காலைகள் இருக்கின்றன. சின்னப் பிள்ளையும் முடிக்கும் கணக்கு என்றுதான் நினைத்தேன்.

அனோரதா வீதியில் ஒரு மலிவான விடுதியில் தங்கினேன். வெள்ளைக்காரன் காலத்தில் அதற்கு பிரேசர் வீதி என்று பெயர். அதே வீதியில் ஸ்ரீ காளியம்மன் கோயில் இருக்கிறது. 1871இல் தமிழர் கட்டியது. கோபுரத்தைக் கண்டதும் கால் தானாக நின்றுவிட்டது. கோயிலைச் சுற்றிப் பூக்கடை, மாலை, கற்பூர வாசம். வாசலில் ஒரு அம்மா தமிழில் விலை சொன்னா, அவவின் மகள் பர்மிய மொழியில் காசு எண்ணினாள்.

யாங்கோனில் ஓடுவது எப்படி என்று ஓட விரும்பும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஜனவரி அங்கே குளிர்காலம். விடிய நாலரைக்கு ஓடினால் சட்டை நனையாது. ஆறரைக்குப் பிறகு வெயில் தலையில் ஏறும். நடைபாதைச் சீமெந்துப் பலகைகள் உடைந்து ஓட்டை விட்டிருக்கும், கீழே சாக்கடை. ஆகவே தெரு ஓரமாகத்தான் ஓடவேண்டும். நகரின் பெரும்பகுதியில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை, அது ஒரு புண்ணியம். வாகனங்கள் 1970 முதல் வலப்பக்கமாக ஓடுகின்றன. ஆனால் ஏராளமான கார்களுக்கு ஸ்ரியறிங்கும் வலப்பக்கத்திலேதான். தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் இரண்டு முறை பார்க்கவேண்டும். தெருநாய்கள் அதிகம். ஓடினால் துரத்தும், நின்று குனிந்தால் போய்விடும். யாழ்ப்பாணத்து நாயும் யாங்கோன் நாயும் ஒரே பள்ளிக்கூடம்.

நகரத்தைச் சுற்றி ஒரு வட்ட ரயில் பாதை உண்டு. 39 நிலையங்கள், 45.9 கிலோமீற்றர். ஒரு மரதனைவிட மூன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் கூட. என் விருப்பமான இடம் கண்டவ்ஜி ஏரி. இருட்டில் ஓடத் தொடங்கினால், விடியும்போது ஷ்வேடகன் பகோடாவின் பொன் தண்ணீருக்குள் தெரியும். வெறுங்காலோடு பிக்குகள் வரிசையாகப் பிச்சாபாத்திரம் ஏந்தி வருவார்கள். வயோதிபர்கள் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கைகால் அசைப்பார்கள். 1970 ஆசிய விளையாட்டில் 800 மீற்றரில் தங்கம் எடுத்த ஜிம்மி கிராம்டன் இந்த நாட்டுக்காரர். நான் ஒரு பெரிய ஓட்டக்காரனுடைய நாட்டில்தான் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தேன்.

முதல் மூன்று காலையும் 28 கிலோமீற்றர். கணக்கு 19,972. நாலாம் நாள் வயிறு கெட்டது. ஒருவர்மேலும் பழியில்லை, கண்ட இடத்தில் கண்டதையெல்லாம் சாப்பிட்ட என் நாக்கின் பிழை. நாலு நாள் கட்டிலும் கழிப்பறையும்தான். எட்டாம் நாள் தடியைப் போல எழும்பிப் போய் ஏழு கிலோமீற்றர் ஓடினேன். 19,979. மிச்சம் 21. ஒரு காலைதான் பாக்கி. மறுநாள் பின்னேரம் விமானம்.

அன்று மாலை காளி கோயிலுக்குப் போனேன். வெளி மண்டபத்தில் எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர் இருந்தார். சட்டையும் பர்மாச் சாரமும், நெற்றி நிறையத் திருநீறு.

"சிலோன் தமிழா நீங்க? பேச்சுலயே தெரியுது. வாங்க, உக்காருங்க" என்றார்.

அவர் பிறந்ததும் வளர்ந்ததும் யாங்கோன். தகப்பன் தஞ்சாவூர்ப் பக்கமாம். "நான் பாத்ததில்ல. எங்கப்பா சொன்னதுதான்" என்றார்.

அவர் சொன்னதையும் நான் அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். 1931 குடிசன மதிப்பில் றங்கூனின் நாலு இலட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், ரிக்‌ஷா இழுத்தவர், தெருக் கூட்டியவர், எழுத்து வேலை செய்தவர், வட்டிக்கடைச் செட்டிமார் எல்லோரும் அதற்குள். 1941 டிசம்பர் 23 ஜப்பானியன் குண்டு போட்டான். 1942 மார்ச் 8 நகரம் அவன் கையில். அதற்கிடையிலும் அதன் பிறகும் நாலைந்து இலட்சம் பேர் இந்தியாவை நோக்கி வெளிக்கிட்டார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர் கொஞ்சம். பெரும்பாலானோர் நடை. சிலர் புரோம் போய், ஆற்றைக் கடந்து, தவுங்குப் கணவாயால் அரக்கான் கரைக்கு. சிலர் வடக்கே தாமு வழியாக மணிப்பூருக்கு. வழியெல்லாம் வாந்திபேதி, மலேரியா, பசி. பல்லாயிரம் பேர் வழியிலேயே போனார்கள்.

பெரியவருடைய தகப்பன் தவுங்குப் வழியால் நடந்து போய், யுத்தம் முடிந்து திரும்பி வந்தவர். ஓடுகிறவன் புத்தி பாருங்கள், நான் கேட்டேன்: "ஐயா, எத்தனை மைல் நடந்தவராம்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மைல எவன் தம்பி எண்ணுனான்? ராத்திரி ஆனா ஆள எண்ணுவாங்களாம். காலைல கிளம்புறப்ப இன்னொருக்கா எண்ணுவாங்களாம். பதினொரு பேரு போனாங்க. ஏழு பேரு போய்ச் சேந்தாங்க. அதான் எங்கப்பா சொன்ன கணக்கு."

பிறகு 1964இன் கதையையும் சொன்னார். கடைகள், நிறுவனங்கள் எல்லாம் அரசுடைமையாகி, இலட்சக்கணக்கான இந்தியர் மீண்டும் புறப்பட்ட காலம். சென்னையில் பர்மா பஜார் என்று ஒன்று உண்டு, அது அப்படி வந்தவர்களுடையது. தமிழ்நாட்டில் இருக்க மனம் வராமல் சிலர் மணிப்பூர் வழியாகத் திரும்ப பர்மாவுக்கு நடக்கப் பார்த்தார்கள். எல்லையில் விடவில்லை. அந்த எல்லையிலேயே, மோரே என்ற ஊரில் இருந்துவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழர் இருக்கிறார்கள், அங்காளபரமேஸ்வரி கோயிலும் இருக்கிறது. "எங்க சித்தப்பா அங்கதான் செத்தாரு. இங்கேருந்து அங்க போய் ஒரு தடவ பாக்கணும்னு நெனச்சேன், முடியல" என்றார். எழும்பும்போது என் கையில் இரண்டு வாழைப்பழம் தந்தார். "வயிறு சரியில்லன்னீங்களே, இத சாப்பிடுங்க."

இரவு அறைக்கு வந்து கொப்பியைத் திறந்தேன். 19,979. உடம்பில் பலமில்லை. இருபத்தொன்று ஓடுவேன் என்ற நம்பிக்கையில்லை. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. 1995 ஒக்ரோபர் 30.

வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் எல்லோரும் வெளிக்கிட்டது. ஒலிபெருக்கி அறிவித்தது, மழை பெய்தது, நாவற்குழிப் பாலத்தில் சனம் நகரமுடியாமல் நின்றது, எல்லாம் இங்கே இருக்கும் அநேகருக்குத் தெரியும். கொக்குவிலிலிருந்து சாவகச்சேரிக்கு எப்படியும் இருபது கிலோமீற்றர் வரும். எனக்கு எட்டு வயது. அந்த இருபதையும் நான் நடந்தேன் என்றுதான் என் நினைவு. சேறு காலில் ஒட்டியது நினைவிருக்கிறது. இந்த மண்டபத்தில் முன்னொரு முறை மைக்கில் அதைச் சொல்லியுமிருக்கிறேன். "என் முதல் நெடுந்தூரம் எட்டு வயதில்" என்றேன். நீங்கள் கைதட்டினீர்கள்.

நடந்தது கணக்கில் சேராது என்பது சட்டம். பழசை எழுதக்கூடாது என்பதும் சட்டம். ஆனால் அன்றிரவு மனம் வழக்கறிஞரைப்போலக் கதைத்தது. "அது சும்மா நடையா? உயிருக்கு ஓடினது. அதைச் சேர்க்காமல் வேறு எதைச் சேர்ப்பாய்? இருபதைச் சேர். நாளைக்கு ஒரு கிலோமீற்றர் ஓடு. முடிந்தது." பேனையைக்கூட எடுத்துவிட்டேன். தூரம் சரிதானா என்று கேட்போம் என்று கனடாவுக்கு வைபரில் எடுத்தேன். அங்கே காலை ஒன்பதரை.

"அம்மா, இடம்பெயர்ந்த அண்டைக்கு நாங்கள் எந்த வழியாலை நடந்தனாங்கள்? இருபது கிலோமீற்றர் வருமே?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னா: "வரும். ஆனால் நீ எங்கையடா நடந்தனீ? உனக்குக் காய்ச்சல். அப்பா உன்னைச் சைக்கிள் பாரிலை இருத்தி, சாக்கைப் போர்த்து, விடிய விடிய உருட்டிக்கொண்டெல்லோ வந்தவர். பின் கரியரிலை அரிசிச் சாக்கு. பாலத்திலை சைக்கிளைத் தலைக்கு மேலை தூக்கச் சொல்லிச் சனம் சத்தம்போட்டது. அவர் மாட்டனெண்டு நிண்டவர். நீ நித்திரை."

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "நடந்தது நான். பதினொரு வயசு. செருப்பறுந்து வெறுங்காலோடை. அந்தச் சேறு என்ரை காலிலை ஒட்டினது. தம்பி அதையும் தன்ரை எண்டு எழுதப்போறானாமோ?"

அவ சிரித்துக்கொண்டுதான் சொன்னா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்துநாலு வருடமாக என் காலில் இருந்த சேறு அக்காவின் காலுக்குப் போய்விட்டது. அக்கா அந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருப்பா. கேட்டுக் கேட்டு அது என்னுடையதாகிவிட்டது. அப்பா ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சைக்கிள் உருட்டியதை எண்ணிக்கொண்டிருந்த மனிதர் இல்லை அவர்.

பேனையை மூடி வைத்தேன். வாழைப்பழம் இரண்டையும் சாப்பிட்டுப் படுத்தேன்.

விடிய நாலு மணிக்கு சூலே பகோடாவிலிருந்து தொடங்கினேன். நகரத்தின் நடுவில், நாலு தெரு சந்திக்கும் இடத்தில் இருக்கும் பகோடா அது. யாங்கோனிலிருந்து வடக்கே போகும் தெருக்களுக்கெல்லாம் மைல் கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பம் என்பார்கள். தூரத்தை எண்ணுகிற பைத்தியக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

மிக மெதுவாக ஓடினேன். ஷ்வேடகன் பக்கமாகப் போய், கண்டவ்ஜி ஏரிக்கரை. ஒன்பதாவது கிலோமீற்றரில் வயிறு பிடித்தது. பதினாலில் கண் இருண்டு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிற்கலாம், நடக்கக்கூடாது, அதுதான் என் சட்டம். தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஒரு பெண் ஒன்றும் கேட்காமல் ஒரு குவளையில் வெறும் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினா. அங்கே கடைகளில் வெறும் தேத்தண்ணிக்குக் காசில்லை. குடித்துவிட்டு ஒரு பிடி சீனி கேட்டேன், கையால் காட்டித்தான். தந்தா.

அதற்குப் பிறகு இருபதாயிரத்தை நினைக்கவில்லை. அப்பா அன்றிரவு எந்த இடத்தில் கைமாற்றிப் பிடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். அரியாலை தாண்டும்போது அவருக்கு எவ்வளவு களைத்திருக்கும், செம்மணி வெளிக் காற்றில் சாக்கு பறந்திருக்குமோ, பாலத்தில் எத்தனை மணித்தியாலம் அந்தச் சைக்கிளைச் சாய விடாமல் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார் என்று. ஓடுவது நான்தான், ஆனால் கணக்கு அவருடையதாக இருந்தது.

சூலேக்குத் திரும்பி வந்தபோது மணிக்கூட்டில் 20.6. இன்னும் நானூறு மீற்றர். பகோடாவைச் சுற்றிச் சுற்றி ஓடி 21.0 ஆக்கினேன். நேரம் ஏழாகிக்கொண்டிருந்தது. பஸ்களில் சனம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. படியில் இருந்து அழுதேன். வெற்றிக்கு அழுததாக நினைக்கவேண்டாம்.

இதுதான் நான் திருத்தவேண்டிய பிழை. இந்த மண்டபத்தில் நான் சொன்னது சரியில்லை. எட்டு வயதில் நான் நெடுந்தூரம் நடக்கவில்லை, என்னை ஒருவர் கொண்டுவந்தார். உங்கள் கைதட்டலைத் திருப்பித் தருகிறேன்.

லண்டன் வந்தபிறகு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு புதுக் கணக்குத் தொடங்கினேன். முதல் வரி: "1995 ஒக்ரோபர் 30. அப்பா, சைக்கிளோடு, 20. அம்மா 20. அக்கா 20, வெறுங்கால். நான் 0. வெளிக்கிட்டது நாலு, சேர்ந்தது நாலு." இரண்டாவது வரி அந்தப் பெரியவருடைய தகப்பனுக்கு. மைல் தெரியாது. பதினொன்று, ஏழு.

அந்தப் பெரியவரை மீண்டும் காணக் கிடைக்கவில்லை. இரண்டு மாதத்தில் கொரோனா வந்தது. 2021 பெப்ரவரி 1 அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதற்குப் பிறகு அந்த நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள் முப்பது இலட்சத்துக்கும் மேல் என்கிறது ஐக்கிய நாடுகள் சபை. எனக்குத் தேத்தண்ணி தந்த பெண் இப்போது எங்கே இருக்கிறாவோ தெரியாது. செய்தியில் அந்த மக்கள் மூட்டையோடு நடப்பதைக் காட்டும்போது நான் இப்போது தூரத்தைப் பார்ப்பதில்லை, யார் யாரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

பிள்ளைகளே, கொப்பி இன்றைக்கு இருபத்தெட்டாயிரத்தைத் தாண்டி நிற்கிறது. கணக்குப்படி நான் பூமியின் மறுபக்கத்தைத் தாண்டி, வீட்டுப் பக்கமாக எட்டாயிரம் கிலோமீற்றர் வந்துவிட்டேன். இன்னும் பன்னிரண்டாயிரம் இல்லை. எனக்கு நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயதாகும்போது முடியும். கொக்குவிலில் அந்தக் கடைசி வரியை எழுத நினைத்திருக்கிறேன்.

நீங்களும் ஓடுங்கள். முதல் கிழமை ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரோடு கதைக்கக்கூடிய வேகம்தான் சரியான வேகம். வலித்தால் நில்லுங்கள். ஒரு கொப்பி வாங்குங்கள். ஓடியதைக் குறைத்து எழுதுங்கள். அதற்கு முதல், இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அப்பா, அம்மா, அம்மம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் எங்கையிருந்து எங்கை நடந்தனீங்கள்? ஆரைத் தூக்கிக்கொண்டு நடந்தனீங்கள்?" கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதுங்கள். அவர்கள் தாங்களாகச் சொல்லமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வழக்கமான பூங்கா வாசலில் நிற்பேன். தாய்மாரும் வரலாம், சேலையோடு வந்தாலும் பரவாயில்லை. மழையென்றாலும் நிற்பேன்.



(பொங்கலுக்குப் பிறகு ஞாயிறுகளில் பதினாறு பேர் வருகிறார்கள். அதில் ஐந்து பேர் அம்மாமார்.)